காத்துல கரைஞ்ச குன்று, தண்ணியில எழும்பின குன்று: செவ்வாய்ப் பள்ளத்து மணல் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்குற ஆர்சி ரூம்ல, அதாவது குடியிருப்பாளர் குழுவோட பொது அறையில, சனிக்கிழமை சாயங்காலம் உயர்நிலைப் பள்ளி பிள்ளைங்களோட தமிழ்ல சயின்ஸ் பேசுற ஒரு சின்ன குரூப் நடத்துறேன். ட்யூஷன் கிடையாது, பரீட்சைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அவங்க கேக்குற கேள்விய வீட்டு மொழியிலயே உக்காந்து பேசிப்பாக்குற இடம், அவ்ளோதான். போன வருஷம் ஜூன் லீவு ஆரம்பிக்கும்போது அஞ்சு பேர், செக் ஒன் செக் டூ (உயர்நிலை ஒண்ணு, ரெண்டு) பிள்ளைங்க, ஆகஸ்ட்ல நடக்குற ஒரு அறிவியல் காட்சிக்கு ப்ராஜெக்ட் செய்யணும்னு வந்தாங்க. யார் பேரும் இதுல போடல. என்ன நடந்துச்சோ அத வரிசையா எழுதுறேன், இதே மாதிரி பிள்ளைங்கள வச்சு மாடல் செய்யப் போறவங்களுக்கு பயன்படும்னு நம்பித்தான்.

கேள்விய கொண்டு வந்தது ஒரு பொண்ணு. செவ்வாய்ல இருக்குற ப்ராக்டர்ங்கிற எரிகல் பள்ளத்தோட படத்த ஃபோன்ல காட்டி, "அங்கிள், சுத்தி எவ்ளோ இடம் கெடக்கு, ஏன் மணல் பள்ளத்துக்குள்ளயே போய் உக்காந்திருக்கு?"ன்னு கேட்டுச்சு. நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1971 நவம்பர்ல மரினர் 9 செவ்வாய சுத்த ஆரம்பிச்சப்போ கிரகம் பூரா தூசிப்புயல், ஒண்ணுமே தெரியல, புயல் அடங்கினதுக்கு அப்புறம் எடுத்த படங்கள்லதான் அந்தப் பள்ளத்துக்குள்ள கருப்பா ஒரு மணல்காடு தெரிய வந்துச்சு. பள்ளம் சுமார் 150 கிலோமீட்டர் அகலம், நம்ம சிங்கப்பூர கெழக்கு மேற்கா மூணு தடவ அடுக்கி வச்சா அந்தப் பக்கம் போய்ச் சேரலாம்.

புத்தகத்துல இருக்குற பதில சுருக்கமா சொல்லிடுறேன். வெளியிலேருந்து காத்து தள்ளிக்கிட்டு வர்ற மணல் விளிம்பத் தாண்டி உள்ள விழுது, விளிம்புக்குப் பின்னாடி காத்து வேகம் கொறையுது, வேகம் கொறைஞ்சா சுமைய எறக்கி வச்சிடும். எறங்கின மணல் செங்குத்தான உள் சுவத்துல ஏறி வெளிய போறது கஷ்டம். பள்ளத்துச் சுவரே உதிர்ந்தும் மணல் வரும். அதோட பள்ளத்துக்குன்னே சொந்தமா ஒரு காத்து இருக்கு: பகல்ல சுவர் சூடாகி காத்து மேல ஏறும், ராத்திரி குளிர்ந்து கனமான காத்து கீழ எறங்கும். இப்படி எதிரெதிர் திசைக்காத்து சந்திக்கிற எடத்துல மணல் தேங்குது. க்யூரியாசிட்டி ஊர்தி 2012 ஆகஸ்ட்ல எறங்கின கேல் பள்ளத்துலயும், நடுவுல நிக்கிற 5 கிலோமீட்டர் உயர மலையோட வடமேற்கு அடிவாரத்துல, பேக்னால்ட் குன்றுகள்னு ஒரு கருப்பு மணல் வரிசை இருக்கு, 2015 கடைசியில ஊர்தி அதுக்குப் பக்கத்துலயே போய்ப் பாத்துச்சு. வேற கிரகத்துல நகர்ந்துக்கிட்டு இருக்குற ஒரு மணல் குன்ற கிட்டப்போய் ஆராய்ஞ்சது அதுதான் மொத தடவ.

பிள்ளைங்க எடுத்த முடிவு, இத ஒரு பெட்டிக்குள்ள செஞ்சு காட்டணும். நானும் சரின்னேன், யோசிக்காம.

மொத ரெண்டு வாரம்: படமும் ஈரமும்

மொத நாளே ஒரு விஷயம் கவனிச்சேன். மேலேருந்து எடுத்த படத்தப் பாத்து அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு பள்ளம் மேடாவும் குன்று குழியாவும் தெரிஞ்சுது. வெளிச்சம் மேலேருந்துதான் வரும்னு நம்ம கண்ணு எடுத்துக்கும், படத்துல சூரியன் கீழ்ப்பக்கம் இருந்தா எல்லாம் தலைகீழாயிடும். ஃபோன திருப்பிப் பிடிச்சதும் "ஓ"ன்னு ஒரு சத்தம். அதுலேருந்து எந்தப் படம் பிரிண்ட் எடுத்தாலும் சூரியன் எந்தப் பக்கம்னு சிவப்பு மார்க்கர்ல அம்பு போடணும்னு முடிவு பண்ணோம், இந்த வேலையில நாங்க சரியா எடுத்த மொத முடிவு அது.

அடுத்தது மணல். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலேருந்து அள்ளிட்டு வரலாமான்னு ஒரு பையன் கேட்டான், அப்படி எடுக்கக்கூடாதுன்னு சொல்லி மீன் தொட்டிக்கடையில பொடி மணல் வாங்கினோம். ரெண்டு பசங்களுக்கு சிவப்பு மணல்தான் வேணும், செவ்வாய்னா சிவப்புன்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா படத்துல குன்றெல்லாம் கருப்பு, ஏன்னா அங்க மணல் பெரும்பாலும் எரிமலைப் பாறை, பசால்ட் பொடி. சிவப்பா இருக்குறது மெல்லிசான இரும்புத் துருத் தூசி, நகர்ந்துக்கிட்டே இருக்குற மணல் மேல அது தங்காது. அதனால கருப்பு மணல்தான்னு முடிவாச்சு.

வாங்கின மணல் ஃபேன் முன்னாடி அசையவே இல்ல. நம்ம ஊரு ஈரப்பதம் தெரிஞ்சதுதானே, அந்த வாரம் விடியக்காலையில ரெண்டு தடவ சுமத்ரா காத்தும் மழையும் வேற. பாக்க காஞ்ச மாதிரி இருந்தாலும் கையில அள்ளிப் பிடிச்சா உருண்டையா நிக்குது. வெயில்ல காயவச்சு அள்ளுறதுக்குள்ள திரும்ப ஈரம். இதுக்கு வழி சொன்னது அந்தப் பொண்ணோட பாட்டி. உடன்குடிப் பக்கத்துலேருந்து கல்யாணமாகி இங்க வந்தவங்க. "என்னய்யா தம்பி, நெலக்கடல வறுக்க மணல வறுக்க மாட்டோமா? அப்படி வறுத்துத் தாறேன்"னு சொல்லி இரும்புச் சட்டியில போட்டு, கரண்டியால தள்ளித் தள்ளி, கை விரிச்சா விரலிடுக்குல தண்ணி மாதிரி ஓடுற பதத்துக்கு வறுத்து பிஸ்கட் டின்னுல மூடிக் குடுத்தாங்க. டின்னுக்குள்ள ஷூ பெட்டியில வர்ற ஈரம் உறிஞ்சுற பாக்கெட் நாலு போட்டோம். அதுக்கப்புறம் மணல் பிரச்சனையே வரல.

மூணாவது வாரம்: பெட்டியில கண்டது

முக்கா மீட்டர் நீளப் பெட்டி, நடுவுல பிளாஸ்டர்ல செஞ்ச பள்ளம், விளிம்பு நாலு சென்டிமீட்டர் உயரம். ஸ்டாண்ட் ஃபேன் காத்து சுழண்டு சுழண்டு வருதுன்னு பபுள் டீ ஸ்ட்ராவ நூத்துக்கணக்குல ஒட்டி ஒரு தேன்கூடு மாதிரி செஞ்சு முன்னாடி வச்சோம், காத்து நேராச்சு ஆனா பலம் போச்சு. கடைசியில ஒரு பையனோட அப்பா தரை காயவைக்கிற ப்ளோயர் ஒண்ணு குடுத்தாரு, அதுல மணல் நல்லாவே ஓடுச்சு. எல்லாருக்கும் கண்ணாடி, மாஸ்க், ரூமுக்கு வெளிய ஒரு ஆள் காவல்.

விளிம்ப ஒட்டி உள்பக்கமா மணல் ஒரு பட்டையா தேங்குச்சு. அது நல்ல சேதி, காத்து வேகம் கொறையுற எடத்துல மணல் எறங்குதுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது. தரையில ரெண்டு விரக்கடை இடைவெளியில வரி வரியா மணல் அலை வந்துச்சு. ஆனா குன்று வரல. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் வரல, கோணம் மாத்தினாலும் வரல, மணல் கூட்டினாலும் வரல.

அப்பதான் ஒரு பையன் கையாலயே பிறை வடிவத்துல ஒரு குன்று பிடிச்சு வச்சான், காத்தடிக்கிற பக்கம் சாய்வா, பின்பக்கம் செங்குத்தா, ரெண்டு கொம்பும் காத்து போற திசையில நீட்டிக்கிட்டு, படத்துல இருக்குற மாதிரியே அழகா. ப்ளோயர் போட்டோம். கொம்பு ரெண்டும் மொதல்ல போச்சு, அப்புறம் உச்சி மழுங்குச்சு, ஏழு நிமிஷத்துல தரையோட தரை. மூணு தடவ செஞ்சோம், மூணு தடவையும் கரைஞ்சுது. அந்தப் பொண்ணு மட்டும் ஸ்டாப்வாட்ச் வச்சு ஒவ்வொரு தடவையும் நேரத்த நோட்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு.

நான் எடுத்த தப்பான முடிவு

காட்சிக்கு நாலு வாரம்தான் இருந்துச்சு. பசங்க சொன்னாங்க, ப்ளோயர் போட்ட மொத நிமிஷத்துலயே படம் எடுத்துடுவோம், குன்று முழுசா இருக்கும்போதே, போஸ்டர்ல அழகா இருக்கும்னு. நான் சரின்னு தலையாட்டிட்டேன். பிள்ளைங்க ஓய்ஞ்சு போயிட்டாங்க, லீவும் முடியப்போகுது, ஏதோ ஒண்ணு கையில இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அந்தப் படம் எடுத்தும் ஆச்சு.

அன்னிக்கு எல்லாரும் கெளம்பினதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு நின்னு கேட்டுச்சு, "அங்கிள், அது நாங்க செஞ்ச குன்றுதானே, காத்து செஞ்சது இல்லையே. காத்து அத அழிக்கத்தானே செஞ்சுது. நோட்டுல அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன், போஸ்டர்ல வேற மாதிரி போட்டா நோட்ட என்ன செய்யறது?" நோட்ட வாங்கிப் பாத்தேன். ஏழு நிமிஷம், ஆறரை நிமிஷம், ஏழேகால் நிமிஷம்னு மூணு வரி. அந்த மூணு வரிக்கு முன்னாடி எனக்கு சொல்ல வார்த்தை இல்ல. படத்த போஸ்டர்லேருந்து எடுத்துடலாம்னு அப்பவே சொன்னேன், மறு சனிக்கிழமை மத்த நாலு பேர்கிட்டயும் என் தப்புன்னே சொன்னேன்.

ஏன் கரைஞ்சுது

அந்த வாரம் பூரா இதே யோசனை. தோல்வின்னு நாங்க நெனச்சதுதான் உண்மையான அளவீடு, அது எதையோ சொல்லுது. பாட்டிக்கிட்ட பேசினப்போதான் நூல் கெடச்சுது. அவங்க ஊருப்பக்கம் செக்கச்செவேல்னு மணல் மேடுங்க இருக்கு, தேரின்னு சொல்லுவாங்க, ஆடிக்காத்துல மணல் பறந்து போய் அடுத்த மேட்டுல சேரும், பனைமரம் பாதி உயரம் பொதைஞ்சு நிக்கும். அங்க மணல் இங்க இருக்குற மாதிரி குவார்ட்ஸ்தான், மேல இரும்புத் துரு பூசினதால சிவப்பு. நான் சும்மாதான் கேட்டேன், ஒரு கை அளவுல சின்னத் தேரி பாத்திருக்கீங்களான்னு. "தேரியில ஏதுய்யா சின்னது? வரி வரியா கெடக்கும், இல்லைன்னா பனை உயரத்துக்கு நிக்கும். நடுவுல கையளவு மேட்ட நான் கண்டதில்லையே"ன்னாங்க.

அதுதான் விஷயமே. இத நாங்க பிள்ளைங்களுக்கு பஸ்ஸ வச்சு சொன்னோம். காத்து ஒரு காலி பஸ். மணல் மேல வர ஆரம்பிச்சதும் ஆள் ஏறுற மாதிரி மணல் மணி ஒவ்வொண்ணா ஏறும், ஆனா ஒரே ஸ்டாப்புல நிறையாது, கொஞ்ச தூரம் போகணும். நிறைஞ்ச பஸ்தான் வேகம் கொறைஞ்சதும் ஆள எறக்கும். காலியா ஓடுற பஸ் வழியெல்லாம் ஏத்திக்கிட்டேதான் போகும், எறக்காது. குன்று வளரணும்னா காத்து அந்தக் குன்று மேலயே நிறைஞ்சு, உச்சிக்கிட்ட எறக்க ஆரம்பிக்கணும். குன்று அந்தத் தூரத்த விடச் சின்னதா இருந்தா காத்து ஏத்திக்கிட்டு மட்டும் போயிடும், குன்று தேஞ்சிடும். எங்க பெட்டியில நடந்தது இதுதான்.

அந்தத் தூரம் எவ்ளோன்னா, மணலோட அடர்த்தி காத்தோட அடர்த்திய விட எத்தன மடங்குன்னு பாத்து, அத மணியோட அளவால பெருக்கி, அதோட ரெண்டு மடங்குன்னு தோராயமா எடுத்துக்கலாம். பூமிக்காத்துல மணல் சுமார் 2,200 மடங்கு அடர்த்தி, மணி 0.2 மில்லிமீட்டர், ஆக கிட்டத்தட்ட ஒரு மீட்டர். காத்து நிறையவே ஒரு மீட்டர் வேணும்னா, தானா நின்னு வளர்ற குன்றுக்கு அதப்போல பத்து இருபது மடங்கு எடம் வேணும். எங்க பெட்டி முக்கா மீட்டர்! செவ்வாய்ல காத்தழுத்தம் நம்மளுதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல, அதனால அங்க சின்னக் குன்றே நூறு மீட்டர் கணக்குலதான் வரும். சின்ன மணல் அலை வர்றது வேற வழி, மணி எகிறிக் குதிச்சு மத்த மணிய உதைக்கிறதால வர்றது, அதான் எங்களுக்கு அலை மட்டும் வந்துச்சு குன்று வரல.

இன்னொரு பையன் இங்க ஒரு நல்ல சந்தேகம் கேட்டான், அவ்ளோ மெல்லிசு காத்துன்னா அங்க மணல் எப்படித்தான் கெளம்புது? ரொம்ப நாள் விஞ்ஞானிங்களுக்கும் அதே சந்தேகம், அந்தக் குன்றெல்லாம் பழைய காலத்துல உறைஞ்சு போனதுன்னு பல பேர் நெனச்சாங்க. 2006லேருந்து செவ்வாய சுத்துற ஆர்பிட்டர்ல இருக்குற ஹைரைஸ் கேமரா ஒரே எடத்த வருஷம் விட்டு வருஷம் படம் எடுத்து ஒப்பிட்டதுலதான் நகருதுன்னு உறுதியாச்சு, பேக்னால்ட் குன்றுங்க நம்ம வருஷக் கணக்குல ஒரு மீட்டர் வரைக்கும் நகருது. மொத மணிய தூக்க பலமான காத்து வேணும், ஆனா அங்க ஈர்ப்பு நம்மளுதுல 38 சதவீதம்தான், எழும்பின மணி உயரமா தூரமா தாவி வேகமா விழுந்து அடுத்த மணிய எழுப்பிடும், அதுக்கப்புறம் கொறஞ்ச காத்தே போதும்.

மாத்து வழி: தண்ணி

தூரம் அடர்த்தி விகிதத்தப் பொறுத்ததுன்னா, விகிதத்த கொறைச்சா குன்றும் சின்னதாகும். தண்ணியில மணல் 2.65 மடங்குதான் அடர்த்தி. அதே கணக்கு போட்டா நிறையுற தூரம் ஒரு மில்லிமீட்டர், குன்று ரெண்டு மூணு சென்டிமீட்டர்லயே வரலாம். இது எங்க கண்டுபிடிப்பு இல்ல, 2000கள் ஆரம்பத்துலயே ஃபிரான்ஸ்ல ஆராய்ச்சிக்காரங்க தண்ணிக்கடியில சென்டிமீட்டர் அளவு பிறைக்குன்று செஞ்சு காட்டியிருக்காங்க. அவங்க முறையத்தான் எடுத்துக்கிட்டோம்: தண்ணிய ஓட்ட வேணாம், மணல் வச்ச ஒரு தட்ட தண்ணிக்குள்ள இழுக்கணும், ஒரு பக்கம் வெடுக்குன்னு, திரும்ப மெதுவா. வேகமா இழுக்கும்போது மணல் நகரும், மெதுவா தள்ளும்போது நகராது, ஆக ஒரே திசைக்காத்து அடிச்ச மாதிரி.

மூணு வாரம்தான் இருக்கு, இப்ப போய் மாத்தணுமான்னு ரெண்டு பேர் கேட்டாங்க, நியாயம்தான். பழையத வச்சா பொய் சொல்லணும், புதுசு வரலைன்னா வரலைன்னு சொல்லலாம்னு பேசி, எல்லாரும் ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் மாத்தினோம். பெரிய டோயோகோ பிளாஸ்டிக் பெட்டி, உள்ள ஒரு தட்டு, தட்டு மேல தண்ணியில கரையாத புட்டியில (சுவத்து ஓட்டை அடைக்கிற பசை மாவு) செஞ்ச புதுப் பள்ளம், வெளிச்சரிவு சாய்வா, உள்சரிவு செங்குத்தா.

மொதல்ல பள்ளம் இல்லாம வெறும் தட்டுல ஒரு கைப்பிடி மணல கூம்பா கொட்டினோம். இழு, விடு, இழு, விடு. இருபது தடவ வரைக்கும் ஒண்ணும் இல்ல, கூம்பு சப்பையாச்சு. நாப்பதுக்கு மேல ரெண்டு ஓரமும் முன்னாடி நீள ஆரம்பிச்சுது, ஓரத்துல மணல் கம்மி அதனால அது சீக்கிரம் ஓடும், நடு பின்தங்கும். அறுபதுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிறை, பின்பக்கம் சரிவு, அதுல மணல் சின்னச் சின்னதா சரிஞ்சு விழுறது டார்ச் அடிச்சா தெரியுது. யாரும் கை வைக்கல. அந்தப் பொண்ணு எண்ணுறத நிறுத்திட்டு சும்மா பாத்துக்கிட்டே நின்னுச்சு, அப்புறம் நெனப்பு வந்து ஓடிப்போய் 63ன்னு நோட்டுல எழுதுச்சு.

பள்ளத்தோட செஞ்சப்போ எங்க பெட்டியில ரெண்டு விஷயம் பாத்தோம். ஒரே திசையில மட்டும் இழுத்தா, உள்ள விழுந்த மணல் விளிம்போட உள்சுவத்தோரமே ஒதுங்கி நின்னுச்சு. தட்ட திருப்பி பத்து தடவைக்கு ஒரு தரம் திசைய மாத்தி மாத்தி இழுத்தா, மணல் சுவத்த விட்டு விலகி நடுத்தரைக்கு வந்துச்சு, பிறை கலைஞ்சு வயல் வரப்பு மாதிரி நீளமா நின்னுச்சு. ப்ராக்டர்லயும் ஒரே காத்து இல்ல, பல திசைக்காத்து மாறி மாறி அடிச்சு உருவான வரப்புங்கதான் நடுவுல நிக்குதுன்னு படத்தையும் பெட்டியையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்போ பிள்ளைங்களே சொன்னாங்க.

என்ன ஆச்சு

போஸ்டர்ல மொத பாதி கரைஞ்ச குன்றும் மூணு நேரமும், ரெண்டாவது பாதி தண்ணி. தண்ணி செவ்வாய் ஆகாதுன்னும் போட்டோம்: தண்ணியில மணி தாவாது, உருண்டு ஊர்ந்துதான் போகும், செவ்வாய் குளிர்காலத்துல குன்று மேல படியுற கார்பன் டை ஆக்சைடு உறைபனியும் எங்ககிட்ட இல்ல. பாத்த நடுவர் ஒருத்தர் மொத பாதியிலயே நின்னுட்டாரு, வறண்ட கிரகத்துக்கு ஏன் தண்ணின்னு கேட்டாரு, பஸ் கதைய ஒரு பையன் முழுசா சொன்னான், கையால குன்று பிடிச்சு வச்ச அதே பையன்தான். பாராட்டுச் சான்றிதழ் கெடச்சுது, பெரிய பரிசு வேற குழுவுக்குப் போச்சு.

அடுத்த தடவ மாத்துறது

பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி அளவுக்கணக்கு. அரை மணி நேரக் கணக்கு எங்களுக்கு மூணு வாரத்த மிச்சப்படுத்தியிருக்கும், அத நான் மொத நாளே கேட்டிருக்கணும், பிள்ளைங்க மேல அதுல எந்தத் தப்பும் இல்ல. நோட்டு எழுதுற வேலைய ஒருத்தர்கிட்ட மட்டும் விடாம வாரம் ஒருத்தர்னு மாத்திக்கிட்டோம். நோட்டுல இல்லாத எந்தப் படமும் போஸ்டருக்குப் போகாதுன்னு இப்ப ரூம் கதவுல எழுதி ஒட்டியிருக்கு. கையால இழுக்குறது ஆளுக்கு ஆள் வேகம் மாறுது, அதுக்கு ஒரு சின்ன மோட்டார் வேணும், பாத்துக்கிட்டு இருக்கோம்.

தண்ணிப் பெட்டி இப்ப அந்தப் பொண்ணு வீட்டு பின்கட்டுல இருக்கு. விளிம்புல ஒரு எடத்த வெட்டி வாசல் மாதிரி வச்சா மணல் வெளிய போகுமா, இல்ல அதிகமா உள்ள வருமான்னு பாக்குறாங்க, ரெண்டு ஓட்டம் முடிஞ்சிருக்கு, ரெண்டுலயும் மணல் உள்ளதான் வந்திருக்கு. மூணாவதுக்கு பாட்டி உக்காந்து இழுப்ப எண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.